பழைய விண்வெளிப் பொம்மைகள்: கொழும்பில் இருந்துகொண்டு எதைச் சேர்ப்பது?

பழைய பிளாஸ்டிக் விண்வெளிப் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: சின்ன வயதில் உங்களிடம் எது இருந்ததோ அதை வாங்குங்கள். கொழும்பில் வளர்ந்தவருக்கு இந்தப் புத்திமதியால் பெரிய பயன் இல்லை. மனிதன் சந்திரனில் கால்வைத்த 1969இல் இங்கே தொலைக்காட்சியே கிடையாது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இல் வந்தது, ரூபவாஹினி 1982இல். 1970 முதல் 1977 வரை இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில், கப்பலில் வேலை பார்த்த மாமா யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் வெளிநாட்டுப் பொம்மை. செய்மதித் தொடர்பைப் பற்றி உலகுக்கு முன்கூட்டியே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை வாழ்ந்த நாடு இது. அவர் இருந்த அதே நகரத்தில் பிள்ளைகள் தீப்பெட்டியிலும் சிகரெட் பெட்டித் தாளிலும் ரொக்கெட் செய்துகொண்டிருந்தார்கள்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. புறக்கோட்டை மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் ஹொங்கொங், தாய்வான் சாமான்கள் குவிந்தன. ஆனால் கொழும்புத் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் பல குடும்பங்களிடம் 1983 ஜூலைக் கலவரத்துக்கு முந்திய சாமான் என்று எதுவும் மிஞ்சவில்லை. திருமண ஆல்பமே இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் ரொக்கெட்டைத் தேட முடியுமா? ஆகவே, "அம்மாவின் பரணில் பழைய பெட்டி" என்ற கதையை அமெரிக்கர்களுக்கே விட்டுவிடலாம். நாம் சேர்ப்பதில் பெரும்பகுதி நம்மிடம் ஒருபோதும் இருந்திராதது. நினைவு வழிகாட்டாத இடத்தில் வேறு அளவுகோல் வேண்டும்.

நான் பார்ப்பது மூன்றை. இந்த ஊர்க் காற்றில் பொருள் தாங்குமா? ஒரு துண்டு தொலைந்தாலோ உடைந்தாலோ ஈடு கிடைக்குமா? எந்த வழியாக வீடு வந்து சேரும்? விலையை இவற்றுக்குப் பிறகுதான் பார்க்கிறேன். மலிவாக வாங்கி இரண்டு மழைக்காலத்தில் பூசணம் பிடித்துப்போன பெட்டியைவிட விலை உயர்ந்த பொருள் வேறில்லை.

காற்றிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஈரப்பதன் இரவில் 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாகக் குடியிருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அருங்காட்சியகங்கள் பிளாஸ்டிக்கையும் கடதாசியையும் குளிரான, இருட்டான அறையில், 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதனில் வைக்கப் பாடுபடுகின்றன. நமது வரவேற்பறை ஷோகேஸ் அதற்கு நேர் எதிரான இடம்.

பிளாஸ்டிக் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இந்தப் பொம்மைகள் நான்கைந்து வெவ்வேறு பொருட்களால் ஆனவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகச் சாகும். பொலிஸ்டைரீன் கடினமானது, பளபளப்பானது, நகத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். 1950களிலும் 60களிலும் வந்த ரொக்கெட்டுகள் பலவும் இதில்தான் வார்க்கப்பட்டன. கீழே விழுந்தால் தெறித்துவிடும், ஆனால் ஈரத்துக்கு அஞ்சாது. சிறிய விண்வெளி வீரர்களை வார்த்த பொலிஎதிலீன் மெழுகுபோல் வழுவழுப்பானது. வெயில்பட்டு வயதானால் வளைவதை மறந்துவிடும், ஒருநாள் கையில் எடுக்கும்போதே கணுக்கால் ஒடியும். பிவிசிதான் நம் ஊரில் மிகப் பெரிய தொல்லை. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்த்தன்மையான பொருள் ஆண்டுகள் போகப் போக வெளியே கசியும். வெப்பம் அதைத் துரிதப்படுத்தும். பொம்மை பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். அதைவிட மோசமானது, கசிகிற அந்தப் பொருள் பக்கத்தில் கிடக்கும் பொலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். இறப்பர்போன்ற ஒரு கையுறை, பளபளப்பான ரொக்கெட்டின்மேல் சில ஆண்டுகள் படுத்துக் கிடந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். ஏபிஎஸ் வலுவானது, வெளிச்சத்தில் மஞ்சளிப்பது தவிர வேறு பெரிய நோய் இல்லை.

இதோடு இன்னொன்று. நம் வீடுகளில் அலுமாரி என்றால் மூலையில் இரண்டு பூச்சி உருண்டை போடுவது பழக்கம். பொம்மை அலுமாரியில் அதைச் செய்யவே கூடாது. நப்தலீன் ஆவி பொலிஸ்டைரீனை மென்மையாக்கிச் சிதைக்கும். சேலைக்குக் காவல், ரொக்கெட்டுக்கு எமன்.

இனி ஒவ்வொரு வரிசையாக வருகிறேன்.

பெரிய பெட்டியில் வந்த அமெரிக்க விளையாட்டுத் தொகுதிகளைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை பிறக்கிறது. லூயி மார்க்ஸ் 1919இல் தொடங்கிய கொம்பனி இவற்றின் அரசன். 1950களில் டொம் கோர்பெட் விண்வெளி அகாடமி, அடுத்து ஏவுகணைத் தளமான கேப் கனவரல், 1960களில் சந்திரத் தளம் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் உலகம் இருந்தது. தகரத்தில் வண்ணம் அச்சிட்ட கட்டடம், வேலி, ஏவுதளம், பல வடிவங்களில் வீரர்கள், சிறு கருவிகள், ஸ்பிரிங்கில் பாயும் ஏவுகணை. சியர்ஸ் போன்ற பெரிய கடைகளின் விலைப்பட்டியல் வழியாக அமெரிக்கா முழுதும் போய்ச் சேர்ந்தவை. பெட்டி நிறைய, முழுமையாக, ஒரு தொகுதியை விரித்து வைத்தால் அதற்கு இணையான காட்சி இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். தகரச் சுவர் உப்புக் காற்றில் எப்படி இருக்கும் என்பதை வெள்ளவத்தையில் ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிப்பவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெட்டி காட்போட், ஈரம் குடிக்கும், பூசணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். அந்தப் பெட்டிதான் விலையின் கணிசமான பங்கு. துண்டுகளோ சின்னச் சின்னவை. ஓர் அலை வாங்கியும் ஒரு ராடார் தட்டும் இல்லாத தொகுதி "ஏறத்தாழ முழுமை" என்று விற்கப்படும், அந்த இரண்டையும் தேடி நீங்கள் வயதாகிவிடுவீர்கள். போதாததற்கு அச்சுகளின் கதை. மார்க்ஸ் 1972இல் தன் கொம்பனியைக் குவாக்கர் ஓட்ஸிடம் விற்றார்; 1976இல் அது பிரித்தானிய டன்பீ கொம்பெக்ஸ் குழுமத்தின் கைக்குப் போனது; 1980இல் எல்லாம் கவிழ்ந்தது. அச்சுகள் பல கை மாறின. பழைய அச்சிலேயே பிற்காலத்தில் வார்த்த வீரர்கள் சந்தையில் ஏராளம். படத்தை மட்டும் பார்த்து 1950களின் வார்ப்பையும் பின்வந்த வார்ப்பையும் பிரித்தறிவது, பொருளைக் கையில் தொட்டுப் பழகாத நமக்கு எளிதல்ல.

இந்த வரிசையில் எனக்குச் சரியாகப்படுவது ஒன்றுதான்: தொகுதியை மறந்துவிட்டு வீரர்களை மட்டும் தனித்தனியே வாங்குவது. ஒரு கடித உறையின் எடையில் நான்கைந்து பேர் வந்துவிடுவார்கள். தலைக்கவசம் போட்ட அந்தப் பழைய உருவங்களில் ஒரு வேடிக்கை உண்டு. விண்வெளிக்கு யாரும் போகாத காலத்தில் செதுக்கியவை என்பதால் அவர்கள் ஆழ்கடலில் முத்துக் குளிப்பவர்கள் போல நிற்கிறார்கள். அப்பொலோவுக்குப் பிறகு வந்த பொம்மைகளில் அந்தக் கற்பனை வறண்டுவிட்டது. எல்லோரும் நாசாவின் வெள்ளை உடையைப் பார்த்து எழுதிய நகல்கள்.

மேஜர் மாட் மேசனைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. மட்டெல் 1960களின் பிற்பாதியில் கொண்டுவந்த ஆறங்குல வீரர். உள்ளே கம்பி, வெளியே இறப்பர்போன்ற சதை. மூன்றடுக்கு விண்வெளி நிலையம், சந்திரனில் தத்தித் தத்தி ஊரும் வண்டி, வேற்றுக்கிரகத் தோழர் கலிஸ்டோ என்று அழகான வரிசை. கம்பி மடங்கி மடங்கி உள்ளேயே ஒடியும். மூட்டுகளில் பூசிய கறுப்பு வண்ணம் உதிரும். அமெரிக்காவின் உலர்ந்த அறையிலேயே அதுதான் கதி. கொழும்புக்குக் கூட்டிவராதீர்கள்.

ஹொங்கொங் சாமான்களிடம் வரும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் கூடிவிடுகிறது, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள். 1950களிலிருந்து பிளாஸ்டிக் பொம்மைத் தொழிலில் வளர்ந்த ஹொங்கொங், 1970களின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய பொம்மை ஏற்றுமதியாளராக இருந்தது. அங்கே வார்த்தவற்றில் புகழ்பெற்ற பெயர்களும் உண்டு. தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தொடர்களால் அறியப்பட்ட ஜெரி அண்டர்சனின் செஞ்சுரி 21 நிறுவனம் 1960களின் இறுதியில் விற்ற புராஜெக்ட் சுவோர்ட் வரிசை ஒன்று. தொடர் எதுவும் இல்லாமல் பொம்மைக்காகவே உருவான கதை அது. ட்ரையாங் விற்ற ஸ்பேசெக்ஸ் என்ற உள்ளங்கை அளவு விண்கலங்கள் இன்னொன்று. இரண்டிலும் பல கலங்களின் வடிவம், நாசாவுக்காகப் பொறியியலாளர்கள் வரைந்து, கடைசிவரை கட்டப்படாமல் போன திட்டங்களிலிருந்து எடுத்தது. நடக்காத எதிர்காலத்தின் மாதிரிகளைக் கையில் வைத்துப் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது.

புகழ்பெற்ற பெயர்களுக்கு இங்கிலாந்துச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். அங்கே நாம் போட்டிபோட முடியாது. நமக்கு உகந்தவை பெயரே இல்லாதவை. அடியில் ஹொங்கொங் என்றோ, அதற்கும் பழையவற்றில் "எம்பயர் மேட்" என்றோ மட்டும் பொறித்த ரொக்கெட்டுகள், பறக்கும் தட்டுகள், உராய்வுச் சக்கரத்தில் ஓடும் சந்திர வண்டிகள். பிரித்தானியச் சந்தைகளுக்குப் போன ஹொங்கொங் சாமான்களில் அந்தப் பொறிப்பு வழக்கமாக இருந்தது. 1977க்குப் பிறகு புறக்கோட்டையில் வந்திறங்கியவற்றில் இந்த வகைதான் பெரும்பான்மை. ஆகவே, கொழும்புக்குள்ளேயே தேடிக் கண்டெடுக்கக்கூடிய ஒரே வரிசை இதுதான். நடைபாதையில் பழைய சார்ஜர்களுக்கும் ரிமோட்களுக்கும் நடுவே ஒரு விண்கலம் கிடக்கும். கறுவாத்தோட்டத்திலும் கொள்ளுப்பிட்டியிலும் பழைய வீடுகளைக் காலிசெய்து தளபாடம் ஏலம் போகும்போது, கண்ணாடிப் பாத்திரங்களோடு கட்டப்பட்ட ஒரு கலவைப் பெட்டியின் அடியில் இருக்கும். இக்மன் விளம்பரத் தளத்தில் "பழைய பொம்மை" என்று ஒரே வரியில், மங்கலான படத்தோடு வரும். விற்பவருக்கு அது என்னவென்று தெரியாது, தெரிந்திருந்தால் அந்த விலைக்குக் கிடைக்காது. போத்தல், பேப்பர் வாங்க வருகிறவரிடம் நல்ல உறவு வைத்திருப்பதும் வீண்போகாது. அவர் தள்ளுவண்டியில் ஏற்றுவதைப் பிரிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தனிச் சாக்கு. அரைக்கப் போவதற்குமுன் ஒருமுறை பார்க்க விடுவார்.

குறையும் சொல்ல வேண்டும். பெயரில்லாத பொம்மைக்கு விலைப்பட்டியல் கிடையாது. எந்த ஆண்டு வந்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. 1980களின் பிற்பகுதியில் உற்பத்தி சீனப் பெருநிலத்துக்கு நகர்ந்தபோது அதே அச்சுகள் கூடவே போயின. பொறிப்பு மட்டும் மாறியது. விற்க நினைக்கும் நாளில் வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். முதலீடாகப் பார்ப்பவருக்கு இது உதவாது. பற்றரியில் ஓடுபவை என்றால் உள்ளே பற்றரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். காரப் பற்றரியாக இருந்தால் பஞ்சில் சிறிது வினாகிரி தொட்டுத் துடைத்து, பின்னர் ஈரமான துணியால் ஒற்றி, நன்றாக உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகும். ஸ்பிரிங் முழுதாக அரித்துப்போயிருந்தால் அதை ஓடாத பொம்மையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டார் வார்ஸ். கென்னர் நிறுவனம் படம் வந்த 1977இல் பொம்மையைத் தயாராக வைத்திருக்கவில்லை. அந்த நத்தாருக்கு வெறும் மட்டையையும் அத்தாட்சிச் சீட்டையும் விற்று, பொம்மையை 1978இல் அனுப்பிவைத்தது. காலிப் பெட்டியைக் காசுக்கு விற்ற அந்தத் துணிச்சலைப் புறக்கோட்டை முதலாளிகள்கூட மெச்சுவார்கள். முதலில் 12 உருவங்கள், 1985 அளவில் 90ஐத் தாண்டின. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். பெரிய பொம்மைக்கு ஏற்ற விண்கலம் செய்தால் அது கட்டிலளவுக்குப் போகும். உருவத்தைச் சிறிதாக்கியதால்தான் கலமும் கடைக்கு வந்தது, பிள்ளைகளின் கைக்கும் வந்தது. பின்னர் வந்த பொம்மை வரிசைகள் பலவும் இந்த அளவையே பின்பற்றின.

இந்த வரிசையில் நமக்கு ஒரு சாதகம் உண்டு, அது வேறு எவருக்கும் இவ்வளவு இல்லை. உலகின் எந்தச் சந்தையில் இவை விற்கப்பட்டனவோ அங்கெல்லாம் நம் சொந்தக்காரர் இருக்கிறார்கள். லண்டனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஞாயிறு கராஜ் சந்தையில் கிடைப்பது பலிடோய் என்ற பிரித்தானிய நிறுவனம் விற்றது. ரொறன்ரோ பெரியப்பா அனுப்பும் மட்டையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும், ஏனென்றால் கனடாவில் கென்னர் இரு மொழியிலும் அச்சிட்டது. பாரிஸில் லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் அண்ணாவிடம் சொல்லிவைத்தால் மெக்கானோ பெயரில் வந்தது அகப்படலாம். ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் நான்கு உருவங்கள் ஒரு காலுறைக்குள் அடங்கும். தபால் செலவு இல்லை. ஒரேயொரு எச்சரிக்கை: வாங்கச் சொல்லும்போது படம் அனுப்புங்கள். "ஸ்டார் வார்ஸ் பொம்மை" என்று மட்டும் சொன்னால் போன வாரம் சுப்பர்மார்க்கெட்டில் வந்ததை அன்போடு வாங்கிவருவார்கள், நீங்களும் அன்போடு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பொருளாகப் பார்த்தால், மட்டையில் ஒட்டிய நிலையில் இருப்பதை இங்கே வாங்காதீர்கள். மட்டை அலையலையாக வளையும், குமிழ் மஞ்சளிக்கும், பசை விட்டுவிடும். தனி உருவங்கள் தாங்கும், ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பலவீனம். வெள்ளைப் படைவீரன் மஞ்சளாவான். தங்க முலாம் பூசிய ரோபோ தேயும். ஆர்2-டி2வின் உடம்பைச் சுற்றிய கடதாசி ஒட்டு, ஈரத்தில் ஓரம் தூக்கும். பிவிசி அங்கிகள் வெடிக்கும். பெரிய தளங்களில் கென்னரின் பிளாஸ்டிக் டெத் ஸ்டாரில் குப்பை அறைக்காக வைத்த நுரைத் துண்டுகள் காலப்போக்கில் பொடியாகிவிடும். பலிடோய் செய்த டெத் ஸ்டாரோ முழுக்கக் காட்போட், அதைக் கொழும்பில் வைத்துக் காப்பாற்றுவது தவம்.

போலிகளும் அதிகம். உருவத்தைவிட அதன் துப்பாக்கிதான் பெரும்பாலும் போலியாக இருக்கும், ஏனென்றால் முதலில் தொலைந்தது துப்பாக்கிதான். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலரும் சொல்வார்கள்; அசல் பெரும்பாலும் மிதக்கும் என்பது சரி, ஆனால் மிதக்கும் போலியும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது. துப்பாக்கி இல்லாத உருவத்தை அப்படியே வாங்கி அப்படியே வைப்பது மலிவு, நிம்மதியும்கூட. 2024இல் போபா ஃபெட் என்ற பாத்திரத்தின் முன்மாதிரி உருவம் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 5,25,000 டொலருக்குப் போன செய்தியைப் படித்துவிட்டுத் தம்பியின் பழைய பெட்டியைக் கிளறுகிறவர்களுக்கு: அது கடைக்கே வராத, தொழிற்சாலைக்குள் செய்த முன்மாதிரி. உங்கள் பெட்டியில் இருக்காது.

லெகோவைப் பற்றிப் பழைய பொம்மைக்காரர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். செங்கல்லை அடுக்குவது சேகரிப்பா என்பார்கள். அவர்களில் எவரும் காலி வீதியில் குடியிருப்பவர் அல்ல. 1978இல் தொடங்கிய விண்வெளி வரிசை பெரும்பாலும் ஏபிஎஸ். 1979இல் வந்த கலக்சி எக்ஸ்ப்ளோரர் அதன் உச்சம்: நீல உடல், சாம்பல் இறக்கை, மஞ்சள் கண்ணாடி, பின்கதவைத் திறந்தால் ஒரு சிறு வண்டி, கீழே பள்ளங்கள் கொண்ட சந்திரத் தரை. அமெரிக்காவில் 497 என்றும் ஐரோப்பாவில் 928 என்றும் எண் போட்டு விற்றார்கள். சிவப்பு, வெள்ளை வீரர்கள் முதலில்; மஞ்சள் உடனே பின்னால்; நீலமும் கறுப்பும் 1984இல். நெஞ்சில் பொன்னிறக் கோளைச் சுற்றும் சிவப்புக் கலம். விரல் பட்டுப் பட்டு அந்தப் பொன் தேய்ந்ததா இல்லையா என்பதில்தான் ஒரு வீரரின் விலை நிற்கிறது. ஆரம்பகாலத் தலைக்கவசத்தில் தாடைப்பகுதி மெல்லியது, ஏறத்தாழ எல்லாமே விரிந்து வெடித்திருக்கும். வெடிக்காததைக் கண்டால் யோசிக்காமல் எடுங்கள்.

ஈடு கிடைக்குமா என்ற கேள்விக்கு லெகோவை வெல்ல வேறு வரிசை இல்லை. உதிரித் துண்டுகளுக்கென்றே 2000இல் தொடங்கிய பிரிக்லிங்க் சந்தையில் ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு, அதன் நிறத்தோடும் வடிவத்தோடும் வாங்கலாம். செய்முறைத் தாள்கள் இணையத்தில் இலவசம். அதாவது பெட்டி வேண்டாம், தொகுதி வேண்டாம். ஒரு பை கலவைத் துண்டுகளில் தொடங்கி, மாதம் கொஞ்சமாகக் கலத்தை நிரப்பலாம். வாடகை கட்டிச் சம்பளத்தில் வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஒன்றில் கவனம்: லெகோ 2004 அளவில் தன் சாம்பல் நிறத்தை நீலச்சாயல் கொண்டதாக மாற்றிவிட்டது. புதிய சாம்பல் துண்டை 1979 இறக்கையில் பொருத்தினால் பல் கட்டியதுபோலத் துருத்தித் தெரியும். சந்திரப் பள்ளத் தரையும் மெல்லிய பிளாஸ்டிக்கில் அழுத்தி எடுத்தது, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் நெளிந்துவிடும்.

மஞ்சளித்ததை வெளுக்க ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் ஊறவைத்து வெயிலில் வைக்கும் முறை பரவலாக இருக்கிறது. வேலை செய்கிறது, கொழும்பு வெயிலில் சீக்கிரமாகவே. ஆனால் காலப்போக்கில் மஞ்சள் திரும்பி வரலாம், அச்சிட்ட சின்னமும் மங்கலாம். சாதாரணத் துண்டுக்குச் செய்யலாம். சின்னம் பொறித்த துண்டுக்கு வேண்டாம்.

மறுபதிப்பு பற்றியும் கேட்பார்கள். 2022இல் லெகோ தன் 90ஆம் ஆண்டுக்காக கலக்சி எக்ஸ்ப்ளோரரை 1,254 துண்டுகளில் பெரிதாக்கி வெளியிட்டது. அழகான பொருள், ஆனால் அது 1979இன் பொம்மை அல்ல, வேறொரு பொம்மை. பழையதை வாங்கப் பணம் சேரும்வரை இடத்தை நிரப்ப அதை வாங்குவது வீண் செலவு. அதுவே பிடித்திருக்கிறதென்றால் வாங்குங்கள், அது வேறு விடயம்.

இனி வழி. வெளிநாட்டில் வாங்கினால் சுங்கம் உண்டு. ஐம்பது வயதான பொம்மை என்பதால் பழம்பொருள் சலுகை கிடைக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். சுங்கத்தின் பொருள் வகைப்பாட்டில் பொம்மைகள் 9503ஆம் தலைப்பின் கீழ் வருகின்றன. பழம்பொருள்களுக்கான 9706, நூறு ஆண்டைத் தாண்டியவற்றுக்கு மட்டுமே உரியது. வரி கணக்கிடுவது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் அல்லது விமானக் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்கு. அதற்குமேல், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. இதனால்தான் பெரிய பெட்டித் தொகுதி இரண்டு முறை தண்டிக்கிறது: பருமனுக்காக அனுப்புபவர் ஒருமுறை வாங்குவார், அந்தக் கட்டணத்தின்மீது சுங்கம் மறுமுறை வாங்கும். வீரர் ஐந்து பேர் கொண்ட சிறு பொதிக்கு இந்தக் கவலை குறைவு. தீர்வை வீதங்கள் அடிக்கடி மாறுவதால் பெரிதாக எதையும் வாங்குவதற்குமுன் சுங்கத் திணைக்களத்தின் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். டொலரில் தவணைமுறையில் வாங்கும் ஒப்பந்தம் எதிலும் நான் இறங்குவதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம்.

ஒரு அலுமாரித் தட்டும் மாதத்துக்குச் சிறு தொகையும் மட்டும் உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், லெகோவை அடித்தளமாக வைக்கச் சொல்வேன்: முதலில் ஐந்து நிற வீரர்கள், பிறகு ஒரு சிறு கலம், கலக்சி எக்ஸ்ப்ளோரர் பின்னால் தானாக வரும். தேடும் சுகத்துக்கு ஹொங்கொங் சாமான், அதற்கென்று தனியே காசு ஒதுக்காமல், கண்ணில் பட்டபோது. வெளிநாட்டில் பொறுமையான உறவினர் இருந்தால் ஸ்டார் வார்ஸ் தனி உருவங்கள்; இல்லையென்றால் வேண்டாம், இணையத்தில் அவற்றை வாங்கும் விலைக்கு லெகோவில் மூன்று மடங்கு மகிழ்ச்சி கிடைக்கும். மார்க்ஸில் வீரர்கள் மட்டும். மட்டெலின் மேஜருக்குத் தூரத்திலிருந்தே ஒரு வணக்கம்.

தட்டை வெயில் படாத சுவரோரம் வையுங்கள். சமையலறைச் சுவரையும் குளியலறைச் சுவரையும் தவிருங்கள். பிவிசியும் பொலிஸ்டைரீனும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வையுங்கள். சிலிக்கா ஜெல் பொதிகளை மாற்றுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள், மாற்றாத பொதி வெறும் அலங்காரம்தான். உள்ளூரில் இணைய விளம்பரம் பார்த்து வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள்: பற்றரி அறையைத் திறந்தபடி ஒன்று, பகல் வெளிச்சத்தில் பொம்மையின் அடிப்பக்கம் தெரியும்படி ஒன்று. முதல் படம் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதைக் காட்டும், இரண்டாவது எங்கே செய்தது என்பதையும் எவ்வளவு மஞ்சளித்திருக்கிறது என்பதையும் காட்டும். அனுப்பாமல் "நேரில் வந்து பாருங்கள், நல்ல சாமான்" என்றால், அவர் வீடு உங்கள் பஸ் வழியில் இருந்தால் மட்டும் போங்கள்.